கோலிபடியும் இரண்டு சித்தூர்களும்

பேராக்கிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மலாயா சுதந்திரம் பெற்ற 1957இல் அவருடைய பாட்டனார் குடியுரிமை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் அது. ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், யாரோ ஆங்கிலத்தில் நிரப்பியிருக்கிறார். கீழே பாட்டனாரின் பெருவிரல் ரேகை. பிறந்த இடம் என்ற வரியில் முதலில் கே, ஓ, எல், ஐ, பி, ஏ, டி, ஒய் என்று எட்டு எழுத்து. கோலிபடி என்று வாசிக்கலாம். அதற்கு அடுத்து சித்தூர். அப்புறம் தென்னிந்தியா.

“இந்தக் கோலிபடி எங்கண்ணே இருக்கு?” என்று படத்துக்குக் கீழே ஒரு குரல்பதிவு. அவ்வளவுதான் கேள்வி. பதில் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் என் தப்பினால் போனது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், பொள்ளாச்சிக்குப் போகும் வழி. இங்கே கடைப்பலகையில் மலையாளம், கடைக்குள் தமிழ். பழைய கணக்கெடுப்புத் தொகுதிகளையும் கிராமப் பட்டியல்களையும் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. ஆசிரியர் என்னிடம் வந்தது கடைசியில்தான். அதற்கு முன்னால் ஆந்திரம் போய் வந்துவிட்டார்.

கொல்லபல்லிப் பயணம்

சித்தூர் என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஆந்திரத்துச் சித்தூர்தான். வேலூருக்குப் பக்கம், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன பகுதி. ஆகவே குடும்பம் அங்கே தேடியது இயல்பு. வம்சம் தேடிக் கொடுப்பதாகச் சொன்ன ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, கோலிபடி என்பது கொல்லபல்லியின் திரிபு என்று சொல்லி, ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார். தெலுங்கில் கொல்ல என்றால் இடையர், பல்லெ என்றால் சிற்றூர். அந்த மாவட்டத்தில் இடையர் இருந்த இடமெல்லாம் ஒரு கொல்லபல்லி இருக்கும். எந்தக் கொல்லபல்லி என்று கேட்டால் அந்த ஆளிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படத்தில் இருக்கும் பெரியவர் யார் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஆளை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. ஊர் மாவட்டத்தில் இல்லாதபோது எழுத்தை வளைத்து மாவட்டத்துக்குள் தள்ளுவது எல்லாரும் செய்வதுதான். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன். படி என்பதைப் பாடி என்று வைத்து, கொல்லப்பாடி, கோலப்பாடி, குல்லிப்பாடு என்று ஒரு தாள் நிறைய எழுதினேன்.

பெயர் தேடாதீர்கள்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். அயர்லாந்தில் 1901, 1911 தாள்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன தொழில், எல்லாம் இருக்கும். இதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டுச் சொந்தங்கள், நம் நாட்டிலும் 1901 கணக்கெடுப்பில் பாட்டனார் பெயர் இருக்கும் என்று நம்புகிறார்கள். கிடையாது. எண்ணிக் கூட்டிய பிறகு தாள்களை வைத்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஆளின் விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்கவும் முடியாது. நமக்கு மிஞ்சியிருப்பவை அறிக்கைகளும் அட்டவணைகளும் ஊர்ப் பட்டியல்களும்தான்.

ஆனால் அந்த ஊர்ப் பட்டியல் தங்கம். ஓர் ஊர் எந்தத் தாலுகாவில், எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டில் இருந்தது என்பதைப் பத்தாண்டுக்கு ஒரு முறை அது சொல்லும். 1951இலிருந்து மாவட்டக் கையேடுகளும் வரத் தொடங்கின. கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் பழைய தொகுதிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டனாரை அதில் தேட முடியாது, பாட்டனாரின் ஊரைத் தேடலாம்.

அப்பாரு

திருப்பம் வந்தது காகிதத்திலிருந்து இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் தன் அக்காவையும் அழைப்பில் சேர்த்தார். எழுபத்தெட்டு வயது, ஈப்போவில் இருக்கிறார். பேச ஆரம்பித்ததுமே, “அப்பாரு எங்கிட்ட நெறைய சொல்லியிருக்காருங்க” என்றார்.

அப்பாரு! அப்பாவின் அப்பாவை அப்படிக் கூப்பிடுவது கொங்குப் பக்கம். “உங்க அம்மாவோட அம்மாவ என்னன்னு கூப்பிடுவீங்க?” என்று கேட்டேன். “அம்முச்சி” என்றார். மூன்று தலைமுறை கடல் கடந்து இருந்தும் அந்த இரண்டு சொல்லும் அப்படியே இருக்கின்றன. வட ஆற்காட்டுத் தமிழிலோ சித்தூர் ஜில்லாத் தமிழிலோ இவற்றை நான் கேட்டதில்லை. என் தெருவில் தினமும் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் வேறு காதோடு கேட்டேன். ஊரில் கரிசல் மண், பருத்தி, கடலை. மேற்கே பார்த்தால் மலை. அப்பாரு களத்தில் பிறந்தவர். இந்தக் கடைசி விஷயத்தைக் குடும்பத்தில் ஒரு கதையாகவே வைத்திருந்தார்கள்: அறுப்பு நேரத்தில் களத்து மேட்டிலேயே கொள்ளுத்தாத்தாவின் மனைவிக்கு வலி கண்டு பிறந்த பிள்ளையாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிலிர்ப்பும் வந்தது. எங்கள் பக்கம் களம் என்றால் நெல் அடிக்கிற இடம் மட்டும் இல்லை. பண்ணைக்காரரின் தோட்டத்து வீடு, அதை ஒட்டிய முற்றம், மாட்டுத் தொழுவம், சுற்றிலும் பண்ணையாட்களின் குடிசைகள், இது மொத்தமும் களம். இன்னார் களம், அன்னார் களம் என்று அதுவே குடியிருப்பின் பெயர். களத்தில் பிறந்தவர் என்றால் இந்த மாதிரி ஓர் இடத்தில் பிறந்தவர் என்றுதான் பொருள். கரிசல் மண்ணும் சேர்ந்துகொண்டது. கேரளத்தில் கரிசல் என்று சொல்லும்படியான மண் இருப்பது சித்தூர், அட்டப்பாடிப் பக்கம்தான். பாலக்காட்டுக் கணவாயின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம் இது.

அப்படியானால் தாளில் இருக்கும் சித்தூர், பாலக்காட்டு மாவட்டத்து எங்கள் சித்தூர்.

இரண்டு ஊர்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் எப்படி வந்தது என்பதையும் பார்க்கலாம். எங்கள் ஊரை மலையாளத்தில் றகரம் போட்டுச் சிற்றூர் என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ்ப் பேச்சில் ற்ற என்பது த்த ஆகிவிடும்: காற்று காத்து ஆனது போல, சிற்றப்பா சித்தப்பா ஆனது போல. ஆந்திரத்துச் சித்தூருக்குத் தெலுங்கில் முதலிலிருந்தே த்த தான். ஆக மலையாளிக்கும் தெலுங்கருக்கும் இவை வேறு வேறு ஒலி. தமிழன் வாய்க்கு வந்தால் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் கேட்கவே வேண்டாம்.

எந்த ஏணி?

பெயரை எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டு தொங்குவதை விட, அது எந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பதே முதல் வேலை. 1920களில் எங்கள் வட்டாரத்தில் மூன்று ஏணிகள் இருந்தன. பொள்ளாச்சிப் பக்கம் சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லா: தாலுகா, கிராமம், மணியகாரர், கர்ணம். பாலக்காட்டுப் பக்கம் அதே மாகாணத்து மலபார் ஜில்லா: தாலுகா, அம்சம், தேசம், அம்சத்துக்கு அதிகாரி. நடுவில் சித்தூர், கொச்சி மகாராஜாவின் நிலம். கொச்சி சமஸ்தானத்தின் மற்ற பகுதியோடு ஒட்டாமல், மலபார் குறுக்கே கிடக்க, தனித் துண்டாக இருந்தது. அங்கே தாலுகாவுக்குக் கீழே பிரவர்த்தி, அதற்குப் பார்வத்தியக்காரர்.

கொச்சி சின்ன சமஸ்தானம், ஜில்லா என்ற படியே கிடையாது. சித்தூர் தாலுகாவிலிருந்து போனவரிடம் “எந்த ஜில்லா?” என்று கேட்டால் அவர் சித்தூர் என்றுதான் சொல்லியிருப்பார். “தாலுகா?” சித்தூர். ஆந்திரத்திலோ சித்தூர் ஜில்லாவில் சித்தூர் தாலுகாவும் இருந்தது. பொய்யான வழி இவ்வளவு கச்சிதமாக அமைந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மேலும் விண்ணப்பம் 1957இல் எழுதியதே ஒழிய, அதில் இருக்கும் ஊர் அறிவு அவர் கப்பல் ஏறிய காலத்தது. அக்காவின் கணக்குப்படி அவர் போனது 1926 வாக்கில். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்ததோ, 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்ததோ, அவருக்கு எதற்கு? அவர் நினைவில் இருந்தது கொச்சிச் சித்தூர்.

இதைச் சொல்லிவிட்டு நானே இதை மறந்தேன். 1951 கணக்கெடுப்பில் எங்கள் கிராமங்களைப் பாலக்காட்டுப் பக்கங்களில் தேடித் தேடி, இல்லை இல்லை என்று இரண்டு மாதம் வீணாக்கினேன். எப்படி இருக்கும்? பாலக்காடு மாவட்டம் உண்டானதே 1957 ஜனவரி 1இல்தான். 1951இல் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபாரில் இருந்தது. சித்தூர் தாலுகா வேறு மாநிலம்: திருவிதாங்கூர்-கொச்சியில், திருச்சூர் மாவட்டத்தில். அந்தத் தொகுதியை எடுத்ததும் எங்கள் ஊர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஆந்திரச் சித்தூர்தான் உங்கள் ஊர் என்றால் அந்த ஏணியின் தேதிகளும் தெரிந்திருக்கட்டும். சித்தூர் ஜில்லா பிறந்தது 1911 ஏப்ரலில். அதற்கு முன் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். மதனபள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து வந்து சேர்ந்தவை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. திருத்தணிப் பக்கம் 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஆகவே 1890இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிய ஒருவரின் தாளில் ஜில்லா வட ஆற்காடு என்றுதான் இருக்க வேண்டும். ஒரே ஊர் தமிழ்ப் பட்டியலில் கண்டிகை, தெலுங்குப் பட்டியலில் கண்ட்ரிகா. பாளையம் பாலெம் ஆகும், மேடு மிட்ட ஆகும். இரண்டு வடிவத்தையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ழ

இப்போது கோலிபடி. படி என்ற வால் முதலில் விழுந்தது. எங்கள் தாலுகாவின் கிழக்குப் பாதியில் பதி என்று முடியும் ஊர்கள் ஏராளம்: வடகரபதி, எருத்தேன்பதி, ஒழலபதி, வலியவள்ளம்பதி, மலைக்கு மேலே நெல்லியாம்பதி. பதி என்றால் இருப்பிடம். கோவை மலையோரத்தில் இருளர் குடியிருப்புகளையும் பதி என்றே சொல்கிறார்கள். உயிரெழுத்துக்குப் பின்னால் வரும் தகரம் நம் வாயில் மெலிந்துதான் ஒலிக்கும்; அதைக் காதால் கேட்டு எழுதினால் டி-ஒய். தேடிக் கொடுத்தவர் திருப்பதியை நினைத்திருந்தால்கூட இந்தப் பதியை ஆந்திரத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம், நல்லவேளை நினைக்கவில்லை!

பதி என்று வைத்துக்கொண்டு பட்டியலை ஓட்டினால் ஒரே ஓர் ஊர்தான் பொருந்தியது: கோழிப்பதி.

ழகரம் ஆங்கிலத்தில் எப்படி விழும் என்பது எழுதுகிறவரைப் பொறுத்தது. மலையாளிகள் இசட்-எச் போடுவார்கள். பழைய சென்னை மாகாணத்து எழுத்துக்கூட்டில் பெரும்பாலும் வெறும் எல். கோழிக்கோட்டை காலிகட் ஆக்கிய உலகத்தில் கோழிப்பதி கோலிபடி ஆவது பெரிய அதிசயமில்லை. மலாயாத் தோட்டங்களில் கிராணி வேலையில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதிகம். இந்தக் கிராணி மலையாளியாக இருந்திருந்தால் ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ழகரத்தைச் சரியாகப் போட்டிருப்பார் என்பது என் ஊகம், எனக்கு இந்த வேலையும் இருந்திருக்காது.

ஒன்று பொருந்தியது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. பொருந்தாதவற்றையும் தள்ள வேண்டும். கொல்லங்கோடு இன்றைக்குச் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது, முதல் பாதி ஒலியும் கிட்டத்தட்ட ஒட்டுகிறது. ஆனால் 1926இல் அது மலபார். அங்கே பிறந்தவர் பாலக்காட்டுத் தாலுகா என்று சொல்லியிருப்பார். அதோடு கொல்லங்கோடு நல்ல தண்ணீர் ஓடும் நெல் பூமி, பருத்திக் கரிசல் இல்லை. ஒழலபதியையும் ஒரு நாள் யோசித்தேன். முதல் எழுத்து உதவவில்லை.

ஊருக்குப் போனது

கேரளத்துக் கிராமம் என்பது பெரிய சமாசாரம். ஆந்திரத்திலோ தமிழ்நாட்டிலோ நாலைந்து கிராமமாக எண்ணுவதை இங்கே ஒரே வருவாய்க் கிராமமாக எண்ணிவிடுவார்கள். களங்களும் புதூர்களும் பட்டியலில் தனியாக வராது. ஆகவே கோழிப்பதி என்று தெரிந்ததும் பாதி வழிதான் வந்திருந்தோம். எந்தக் களம்?

நிலப் பதிவில் பார்க்கலாம் என்று வில்லேஜ் ஆபீசுக்குப் போகத் தோன்றும். பெரும்பாலும் பலன் இருக்காது. 1926இல் களத்தில் குடிசை போட்டிருந்த பண்ணையாளுக்கு நிலமே இல்லை, பதிவில் எங்கிருந்து பெயர் வரும்? அப்படிப்பட்டவர்களின் பெயர் நிலக் கணக்கில் ஏறியது 1970 ஜனவரி 1இல் நிலச் சீர்திருத்தம் முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகுதான். அப்போது குடிகிடப்புக்காரர்களுக்கு, அதாவது இப்படிப் பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை கிடைத்தது. ஊரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. மலாயாவுக்குப் போனவருக்கு எப்படிக் கிடைக்கும்? அவர் கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகளைத்தான் தேட வேண்டும்.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கேரளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். ஆசிரியரிடம் “ஆதாரம் இருக்கா என்று கேட்கிறார்கள்” என்று சொன்னபோது, தனக்கு மலேசிய அடையாள அட்டைதான் உண்டு என்று பதறினார். பழைய பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருந்தால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1101 என்றால் 1925-26.)

ஒரு செவ்வாய்க்கிழமை பைக்கில் கிளம்பினேன். டீக்கடையில் விசாரித்ததில், மலாயாக்காரர் வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது களத்தில் ஒரு பாட்டி, பத்து சென்ட் பட்டா வீட்டின் திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாட்டனாரின் பெயரைச் சொன்னேன். “அந்தப் பேர்ல எங்க மாமனாரோட அண்ணன் ஒருத்தர் இருந்தாருங் கண்ணு. சண்ட போட்டுட்டுக் கப்பலேறிப் போயிட்டாராமா. ஒரே ஒரு காயிதம் வந்துதுன்னு சொல்லுவாங்க” என்றார். அந்தக் கடிதம் இல்லை. கூரை மாற்றும்போது போனதாம்.

கிராணி எழுதியதில் தகப்பனார் பெயர் ஒன்று இருக்கிறது. பாட்டி சொன்ன பெயர் வேறு. கூப்பிடுகிற பெயரும் எழுதுகிற பெயரும் வேறாக இருப்பது இங்கே சகஜம்தான், ஆனால் அதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆசிரியரிடம் அப்படியே சொன்னேன்: ஊர் கோழிப்பதி, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, வீடு இதுவாக இருக்கலாம். “ஒரு தடவை தப்பான திண்ணையில உட்கார்ந்து படம் எடுத்தாச்சுண்ணே, இந்தத் தடவை முதல்ல பேசிப் பார்க்கறோம்” என்றார். தை மாதம் அக்காவோடு வருகிறார்.

கிளம்பும்போது பாட்டி என் போனில் இருந்த தாளைக் காட்டச் சொன்னார். “நம்மூருப் பேர எப்படி எழுதியிருக்கான், படி” என்றார். படித்தேன்.

“கோலிபடியா? கோலி ஆடற பசங்க ஊராட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு, உரித்த கடலையில் ஒரு கை அள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.